எண் கூடினால் ஃபிலிம் ஓடியதாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கையால் இயக்கும் ஃபிலிம் கேமராக்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆயினும், எத்தனை படம் எடுத்தோம் என்பதைக் காட்டும் எண்காட்டியில் எண் கூடிக்கொண்டே வந்தால் ஃபிலிம் சரியாக ஓடுகிறது என்று அதில் கூறியிருப்பது தவறு. புதிதாகப் பழகுவோர் இதை நம்பினால் ஒரு ரோல் படங்களையும் இழக்க நேரிடும்.

பெரும்பாலான 35 மி.மீ. கேமராக்களில் எண்காட்டி, படத்துக்குப் படம் ஃபிலிமை நகர்த்த இழுக்கும் லீவரோடு இணைந்திருக்கிறதே தவிர, ஃபிலிமோடு இணைந்திருப்பதில்லை. பின்கதவு மூடியிருந்தால், உள்ளே ரோலே இல்லாவிட்டாலும் லீவரை இழுக்க இழுக்க எண் கூடும். ஃபிலிமின் நுனி, அதைச் சுற்றிக்கொள்ளும் உருளையிலிருந்து நழுவிவிட்டால், எண்காட்டி 36 வரை போய்விடும். ஃபிலிமோ டப்பாவுக்குள் நகராமல் கிடக்கும். அந்த ஃபிலிமை மீண்டும் பயன்படுத்திக்கொள்ளலாம். எடுத்ததாக நினைத்த படங்களில் ஒன்றுகூட அதில் இருக்காது.

உண்மை நிலையைக் காட்டுவது, ஃபிலிமை டப்பாவுக்குள் திரும்பச் சுற்ற உதவும் ரீவைண்ட் குமிழ்தான். ஃபிலிமின் இரு ஓரத் துளைகளும் கேமராவின் பற்சக்கரப் பற்களில் பதிந்திருப்பதைப் பார்த்துக் கதவை மூடியபின், குமிழை அம்புக்குறித் திசையில் மெல்லத் திருப்பி, லேசான தடை தட்டுப்பட்டதும் நிறுத்திவிட வேண்டும். ஃபிலிமின் தொய்வு அதோடு நீங்கிவிடும். அதன்பின் லீவரை இழுக்கும்போதெல்லாம் குமிழ் தானாக எதிர்த்திசையில் சுழன்றால் ஃபிலிம் ஓடுகிறது. அசையாமல் நின்றால் ஓடவில்லை. ரோலின் நடுவிலும் இதைக் கவனிப்பது நல்லது. ரோல் முடிந்து லீவர் இறுகிவிட்டால் வலிந்து இழுக்காமல், அடிப்பக்கத்துச் சிறு பொத்தானை அழுத்திவிட்டு, குமிழின் கைப்பிடியை விரித்து, இறுக்கம் சட்டென்று தளரும்வரை சுற்ற வேண்டும். அதற்கு முன்பே குமிழை மேலே இழுத்துவிட்டால் பல கேமராக்களில் பின்கதவு திறந்துகொண்டு ஃபிலிமில் வெளிச்சம் பட்டுவிடும்.

ஃபோகஸ் செய்வதைப் பற்றிக் கட்டுரையாளர், வியூஃபைண்டரின் நடுவட்டத்தில் பிளந்து தெரியும் உருவம் ஒன்றுசேரும்வரை வளையத்தைத் திருப்பச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார். அது சரிதான், போதாது. வட்டம் குறுக்கே பிளந்திருப்பதால் அதில் வைத்துப் பார்ப்பதற்கு நெட்டுக்கோடு ஒன்று வேண்டும். முகமானால் மூக்கின் விளிம்பு அதற்கு உதவும். கிடைக்கோடு மட்டுமே இருக்கும் காட்சியில் கேமராவை நெட்டாகப் பிடித்து ஃபோகஸ் செய்துகொண்டு, பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். அகலத் திறந்தாலும் எஃப் 5.6க்கு மேல் ஒளி தராத லென்ஸை (எஃப் எண் லென்ஸ் துவாரத்தின் அளவைக் குறிக்கும்; எண் சிறியதானால் துவாரம் பெரிது) மாட்டினால் வட்டத்தின் ஒரு பாதி கறுத்துப்போகும். அதைப் பழுதென்று எண்ணிக் கடைக்கு எடுத்துச் செல்வோர் உண்டு. சுற்றியுள்ள மங்கலான கண்ணாடிப் பரப்பைப் பார்த்து ஃபோகஸ் செய்தாலே போதும்.

லென்ஸின் மேல் நடுக்கோட்டுக்கு இருபுறமும் இரட்டை இரட்டையாகப் பொறித்திருக்கும் எஃப் எண்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லாதது பெருங்குறை. தெளிவு எந்தத் தொலைவிலிருந்து எந்தத் தொலைவுவரை பரவும் என்பதைக் கண்ணால் காணமுடியாத வேளையிலும் அவை சொல்லிவிடும். 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் திறந்து 1 மீட்டர் தொலைவில் முகமொன்றை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 4 செ.மீ. மட்டுமே, கண் தெளிவாக இருக்கும்போதே காது மங்கிவிடும். அதே லென்ஸை எஃப் 16இல் வைத்து, ஃபோகஸ் வளையத்தின் முடிவிலிக் குறியை (∞) அதற்குரிய 16 என்ற எண்ணுக்கு நேரே நிறுத்தினால், சுமார் 2.6 மீட்டரிலிருந்து தொடுவானம்வரை எல்லாமே தெளிவாக விழும். நடமாட்டம் மிகுந்த இடங்களில் வளையத்தைத் திருப்பிக்கொண்டிராமல் ஷட்டரை மட்டும் அழுத்தி எடுப்பதற்கு இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை.

எண்காட்டி பற்றிய வரிக்காவது திருத்தம் ஒன்றை விரைவில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்