தமயந்தியின் முகத்தை அழிக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓவியர் ரவி வர்மாவின் அச்சுப் படங்கள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்ததும், மாட்டுங்காவில் எங்கள் கூடத்துச் சுவரில் தொங்கும், அன்னம் நளனைப் பற்றிச் சொல்லக் கேட்கும் தமயந்தியை ஏறிட்டுப் பார்த்தேன். பாட்டி கல்யாணச் சீராகக் கொண்டுவந்த படம். சேலைக் கரையில் அவரே சரிகைத் துணுக்குகளை ஒட்டியிருக்கிறார்; இரண்டு இன்னும் உதிரவில்லை.

கட்டுரை அன்னத்தைத் தூது என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டது. நளன் அந்தப் படத்தில் எங்கும் இல்லை. அவன் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஒரு பெண்ணுக்குள் நேர்வதுதான் படம். சிவப்புச் சேலையும் அந்த நாணமும் வேறு எதைச் சொல்கின்றன?

1894-இல் இதே மும்பையில் தொடங்கிய ரவி வர்மாவின் அச்சகம், படத்தின் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி அச்சுக்கல்லில் மையேற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டது. அதனால்தான் கன்னத்து நிழல் அத்தனை மென்மை. சென்ற மாதம் ஒரு கடையில் புதிய பிரதியைப் பார்த்தேன். முகத்தை வெளுத்து, உதட்டைச் சிவப்பாக்கி, கண்களை அகல விரித்திருந்தார்கள். நாணம் போய்விட்டது, வெறும் பொம்மை. மனம் பொறுக்கவில்லை.

மறுபதிப்புச் செய்பவர்கள் பழைய பிரதியை அருகில் வைத்துக்கொண்டு, நிறத்தைக் கூட்டாமல் அச்சிட வேண்டும். தங்கள் ஞாயிறு மலரிலாவது அந்தப் படத்தை முழுப் பக்கத்தில், உள்ளபடியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மாட்டுங்கா, மும்பை