சீனி வருத்தக்காரருக்குத் தனிச்சட்டி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு இதழில் மாச்சத்துக் குறைந்த இரவுச் சாப்பாடு பற்றி வந்த குறிப்புகளைப் பேரன் வாசிக்க, நானும் மாமியும் குசினி வாசலில் இருந்து கேட்டோம். பூக்கோவாவைத் துருவிச் சோறாக்க வேண்டுமாம். பாதாம் மாவில் ரொட்டி தட்ட வேண்டுமாம். "பாதாம் எண்டால் எங்கட கொட்டங்காயோடா?" என்று மாமி கேட்டா. பெடியன் விழுந்து விழுந்து சிரித்தான். எழுதினவரில் குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் வன்னியில் இருந்து ஒருவர் அதை வாசித்துவிட்டு அடுப்பு மூட்ட ஏலாது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் இரணைமடுத் தண்ணியில் நெல் விதைக்கிறவர். போன காலபோக அறுவடை முடிந்து விறாந்தை முழுக்க நெல் மூட்டை அடுக்கியிருந்த கிழமைதான், காலில் முள் குத்தின புண் ஆறவில்லை என்று ஆசுப்பத்திரிக்குப் போனவர், சீனி வருத்தம் என்று துண்டோடு வந்தார். வெறுவயிற்றில் 214. 126க்கு மேலே போனாலே வருத்தம் என்று டொக்டர் சொன்னாராம். இரவில் சோறு, புட்டு, இடியப்பம் எல்லாம் குறைக்கட்டாம். மனுசன் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே, "இஞ்சேரப்பா, இதுகளை ஆர் தின்னுறது?" என்று கேட்டார்.

முதல் மூன்று மாதம் நான் செய்தது பெரிய பிழை. அவருக்கென்று தனியாக ஒரு சட்டி வைத்தேன். எல்லாரும் புட்டும் மீன் குழம்பும் சாப்பிட, அவருக்கு அவித்த கீரையும் அவித்த முட்டையும். அவர் ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் நான் படுத்த பிறகு புட்டுப் பானையில் ஒரு பிடி குறையும். விடியக் குத்திப் பார்த்தால் ஊசி பொய் சொல்லாது. இன்னொரு நாள் கோபத்தில் மீனை மட்டும் தின்றுவிட்டுக் குளிசையைப் போட்டுக்கொண்டு படுத்தவர், நடுச்சாமத்தில் வேர்த்து நடுங்கிக்கொண்டு எழும்பினார். பார்த்தால் 58. சீனித்தண்ணி கரைத்துக் கொடுத்த பிறகுதான் வாய் திறந்தார். அவர் பாவிக்கிறது சீனியைக் குறைக்கிற கிளிக்ளசைட் குளிசை. அந்தக் குளிசையோ இன்சுலினோ பாவிக்கிறவர்கள் மாச்சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் சீனி இப்படி விழும் என்று அடுத்த கிளினிக்கில் சொல்லி, அளவைக் குறைத்துத் தந்தார்கள். உங்கள் குறிப்பில் இந்த ஒரு வசனம் இல்லாததுதான் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது.

அதற்குப் பிறகு தனிச்சட்டியை விட்டுவிட்டேன். இரவுக்கு வீட்டில் ஒரே சாப்பாடு. மத்தியானச் சோற்றில் அவருக்கு அளவு குறைத்தேன், மற்றவர்களுக்கு நான் கை வைக்கவில்லை. வயலுக்குள் நிற்கிற ஆம்பிளைக்கு மத்தியானம் சோறில்லாமல் செய்ய எனக்கு மனமும் வரவில்லை. இரவில் தின்றுவிட்டுப் படுக்கத்தானே போகிறோம், அந்த நேரத்தில் மாற்றுவதுதான் லேசு.

மாமியை மாற்றுவதுதான் லேசாக இருக்கவில்லை. 2009இல் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கஞ்சிக்கு வரிசையில் நின்றவ. செட்டிக்குளம் முகாமில் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் சாப்பிடுவா. அவவுக்கு முன்னால் போய் "சோறு கூடாது" என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. அவவே ஒரு வழி சொன்னா: "அப்ப குரக்கன் புட்டு அவியன் பிள்ளை, அது சீனிக்கு நல்லதெல்லே." ஊரெல்லாம் சொல்கிற கதைதான். அவித்தோம். இரண்டு மணித்தியாலம் கழித்துக் குத்தினால் 231. குரக்கனில் நார் கூட, உண்மை. ஆனால் 100 கிராம் குரக்கன் மாவில் 70 கிராம் அளவு மாச்சத்துத்தான். அரிசிமாவுக்குக் கிட்டத்தான் நிற்கிறது. குரக்கன் என்றபடியால் இன்னும் ஒரு அகப்பை போட்டுத் தின்றது வேறு. ஓட்சும் அப்படித்தான், விலையும் கூட.

பிறகு கோவாவில் இறங்கினேன். பூக்கோவா இல்லை, எங்கள் சந்தையில் குவிந்து கிடக்கிற சாதாரணக் கோவா. மெல்லிசாக அரிந்து, உப்புப் பிரட்டி, நீத்துப்பெட்டியில் கொட்டி அவித்தேன். திறந்தால் கஞ்சி. உப்புப் போட்ட கோவா தண்ணி விடும் என்று தெரியாத ஆளா நான்? வறைக்கு எத்தனை தரம் அரிந்திருப்பேன். அவசரத்தில் புத்தி வேலை செய்யவில்லை. மாமி சிரித்துவிட்டு மற்ற நாள் தானே வந்து குந்தினா. கோவாவை அரிந்து துணியில் இறுக்கிப் பிழிந்தா. ஒரு பிடி வறுத்த உழுத்தம்மா, இரண்டு பிடி தேங்காய்ப்பூ, பச்சைமிளகாய், சின்னவெங்காயம் போட்டு உதிர்த்து, உப்பைக் கடைசியாகத் தூவி உடனே ஆவியில் வைத்தா. உதிரி உதிரியாக வந்தது. புட்டு என்று சொல்ல மாட்டேன், ஆனால் புட்டின் இடத்தில் வைத்துக் குழம்பு விட்டுத் தின்னலாம்.

அதற்குப் பக்கத்தில் சுறா வறை இருந்தால் என் பிள்ளைகள் புட்டைத் தேடுவதே இல்லை. முல்லைத்தீவில் இருந்து மோட்டார்சைக்கிளில் வருகிற மீன்காரரிடம் பால்சுறா இருந்தால் எனக்கு எடுத்து வைப்பார். மஞ்சள் போட்டு அவித்து, தோலை உரித்து, முள்ளெடுத்துக் கையால் உதிர்த்து, தண்ணியை ஒட்டப் பிழிய வேண்டும். மிளகும் நற்சீரகமும் உள்ளியும் இடித்துப் போட்டுத் தேங்காய்ப்பூவோடு பிசைந்து, வெங்காயமும் செத்தல்மிளகாயும் கருவேப்பிலையும் தாளித்த தாச்சியில் போட்டு, பொலுபொலுவென்று வரும்வரை கிளற வேண்டும். அடுப்பை எரிய விட்டால் அடிப்பிடித்துக் கைக்கும். அந்த இரவு சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் அவருக்கு 146.

கிழமையில் இரண்டு நாள் கீரைப் புட்டு. முந்தி ஏழு பேருக்கு மூன்று சுண்டு மாக் குழைப்பேன். இப்போது ஒரு சுண்டுதான். மிச்ச இடத்தை முருங்கையிலை, பொடியாக அரிந்த முளைக்கீரை, தேங்காய்ப்பூ, நந்திக்கடல் சின்ன இறால் பிடிக்கிறது. பங்கு போட்டால் ஆளுக்கு 30 கிராம் மாச்சத்துக்கூட வராது. மாமிக்குக் கோப்பை நிறைந்த மாதிரித் தெரியும், அதுதான் முக்கியம். மற்ற நாட்களில் கத்தரிக்காயும் முட்டையும் போட்ட பால்கறி, வாழைப்பொத்தி வறை, குளத்து விரால் குழம்பு என்று கிடைக்கிறதைப் பார்த்துச் செய்கிறேன். எட்டு மணிக்கே பசிக்குது என்கிற பேரனுக்கு அவித்த கச்சான் ஒரு கைப்பிடி. அவனுக்குச் சோறு வேண்டுமென்றால் சோறும் உண்டு. வளர்கிற பிள்ளைக்கு ஏன் பட்டினி?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வவுனியாப் பக்கம் சிறுநீரக வருத்தக்காரர் கனபேர் இருக்கிறார்கள். அவர்கள் மாவைக் குறைக்கிறோம் என்று மீனையும் இறைச்சியையும் பருப்பையும் அள்ளிப் போடக்கூடாது. புரதம் கூடினால் பழுதான சிறுநீரகத்துக்குப் பாரம். என் தங்கச்சி வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார். அங்கே என் சுறா வறையை நான் கொண்டுபோவதில்லை. கிளினிக்கில் கேட்டுத்தான் அவர்கள் சமைக்கிறார்கள்.

வறையும் கீரைப்புட்டும் செய்ய எனக்கு ஒருவரும் புதிதாகப் படிப்பிக்கவில்லை. எல்லாம் மாமியின் கைக்குள் இருந்தது. ஆனால் வீட்டில் அவவைப் போல ஒருவர் இல்லாத பிள்ளைகள் பத்திரிகையைப் பார்த்துத்தான் சமைக்கிறார்கள். ஆகவே அடுத்த முறை குறிப்புப் போடும்போது கப் கணக்கோடு சுண்டுக் கணக்கும் போடுங்கள், எங்கள் சந்தைக்கு வருகிற சாமானாக இருக்கட்டும். மாரியில் கடல் இறங்காத நாட்களில் இரவுக்கு என்ன வைப்பது என்று எனக்கே இன்னும் சரிவரப் பிடிபடவில்லை. கரைப்பக்கத்து வாசகிகள் யாராவது எழுதினால் வெட்டாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
நெல் விதைக்கிற வீட்டு வாசகி,
வட்டக்கச்சி, கிளிநொச்சி.