முதியோர் பராமரிப்பு இல்லங்களின் வாசலில் ஒரு பலகை: வேலூர் மாவட்ட ஆட்சியருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர், மாவட்ட சமூக நல அலுவலர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் ஆகியோருக்கும்,

வணக்கம். நால்வர் பெயரையும் சேர்த்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் சொல்லப்போகும் இடங்கள் உங்களில் யாருடைய பொறுப்பு என்று இன்றுவரை எங்களுக்கு யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.

என் அத்தை, அப்பாவுக்கு அக்கா, குடியாத்தத்தில் காலமெல்லாம் பீடி சுற்றியவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. பிள்ளை இல்லை, மாமா காலமாகி வெகு நாளாகிறது. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், அந்த நன்றி எங்களுக்கு என்றைக்கும் இருக்கும். ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசியில் ‘பிசியோதெரபி தொடரவும்’ என்று ஒரு வரி. எங்கே, யாரிடம், எத்தனை நாள் என்பதெல்லாம் எங்கள் பாடு. நானும் அண்ணனும் ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள். அண்ணிக்குக் கைக்குழந்தை. பராமரிப்பும் பயிற்சியும் ஒரே இடத்தில் கிடைக்கும் இல்லத்தைத் தேடி அலைந்தோம்.

வைத்தியம் என்றால் வேலூர் என்று கொல்கத்தாவிலிருந்து ரயிலேறி வந்து காட்பாடியில் இறங்குகிறார்கள். 1954இல் நடந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தது இந்த ஊரில்தான். அவர் உழைப்பில் 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. விழுந்தவர்களை எழுப்பி உட்காரவைக்கும் வித்தையை நாட்டுக்கே முன்னால் நின்று காட்டிய ஊர். அதே ஊரில், வீட்டை வாடகைக்கு எடுத்து நாலு கட்டிலைப் போட்டு ‘ரீஹாபிலிடேஷன் சென்டர்’ என்று போர்டு மாட்டினால், ஏன் என்று கேட்க ஆளில்லை.

எல்லா இல்லத்திலும் நம்மை அழைக்கும் நேரம் ஒன்றுதான்: காலை பதினொன்றுக்கு மேல், அல்லது சாயங்காலம் நாலுக்கு மேல். அந்த நேரத்தில் எல்லோரையும் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு உட்காரவைத்திருப்பார்கள். டைல்ஸ் பளபளக்கும். வரவேற்பறையில் ஏசி இருக்கும், உள்ளே வார்டில் மின்விசிறிதான். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; மே மாதத்தில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள தளத்தில் கட்டிலோடு கிடப்பவரின் நிலையை மட்டும் யோசித்துப் பாருங்கள். லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டால், “ஆம்புலன்ஸ் பசங்க தூக்கிக்குவாங்கம்மா” என்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் இருக்கிறார். “கட்டடத்தைப் பாக்காத, நோட்டைப் பாரு” என்று சொல்லி அனுப்பியது அவர்தான். தானாகப் புரண்டு படுக்க முடியாதவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடியும் இடத்திலும் குதிகாலிலும் தொடை எலும்பு துருத்தும் இடத்திலும் ரத்த ஓட்டம் நசுங்கிப் படுக்கைப் புண் வரும். முதலில் வெறும் சிவப்பாகத்தான் தெரியும். விட்டால் எலும்புவரை போகும். ஏர் பெட் வாங்கிப் போட்டுவிட்டோம் என்றால் மட்டும் போதாது, திருப்பவும் வேண்டும். அதனால் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்று எழுதும் நோட்டைக் கேட்டோம். பல இடங்களில் அப்படி ஒரு நோட்டே இல்லை. ஓர் இல்லத்தில் இருந்தது, எடுத்தும் காட்டினார்கள். வாரம் முழுக்க ஒரே பேனா, ஒரே கையெழுத்து. நாங்கள் நின்றிருந்தது மாலை நாலரை மணி. அன்றைய இரவு பத்து மணி வரைக்கும் திருப்பியதாக எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டிருந்தது!

பயிற்சிக்கு வருகிறேன். பக்கவாதத்துக்குப் பிறகு முதல் சில மாதங்களில்தான் உடம்பு வேகமாகத் தேறும். பிறகும் தேறும், ஆனால் வேகம் குறைந்துவிடும். அத்தைக்கு அந்த மாதங்கள்தான் இப்போது ஓடிக்கொண்டிருக்கின்றன. ‘பிசியோ உண்டு’ என்று நோட்டீஸில் போட்டிருக்கும் இடத்தில் போய்ப் பார்த்தால், நடை பழகும் இரட்டைக் கம்பியில் ஈரத்துணி காய்கிறது. பிசியோ எப்போது வருவார்? “டெய்லி வர்றாருங்க.” ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம்? பதில் இல்லை. அவர் போன பிறகு மிச்ச நேரம் யார் பார்ப்பார்கள் என்று கேட்டால் முகத்தைப் பார்க்கிறார்கள். நாள் முழுக்க நோயாளியைத் தொட்டுத் தூக்கிப் பிடிப்பவர் ஆயாதான். விழுந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பக் கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும் என்பது ஆயாவுக்குத் தெரியாவிட்டால், பிசியோ செய்தது பாதிக்கு மேல் வீண். ஓரிடத்தில் பெரியவர் ஒருவரைக் கக்கத்தில் கைகொடுத்துக் குண்டுக்கட்டாகத் தூக்கியதை நேரிலேயே பார்த்தோம். அந்த ஆயாமீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

சாப்பாட்டிலும் இதே கதை. பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கும். நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு வாயாக, அவசரப்படாமல் ஊட்ட வேண்டும். படுக்கவைத்தபடியே கஞ்சியை ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குப் போய் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். சாப்பாட்டு நேரத்தில் வந்து பார்க்கலாமா என்று கேட்டதற்கு, “அப்போ விசிட்டர்ஸ் அலவ்டு இல்லை” என்றார்கள். அந்த ஒரு நேரந்தான் நாங்கள் பார்க்க வேண்டிய நேரம்.

இரவில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு நேராகப் பதில் வாங்குவது பெரும்பாடு. “ஸ்டாஃப் இருப்பாங்க.” நர்ஸா, ஆயாவா? எத்தனை பேர்? பெண்களுக்குப் பெண் ஆளா? கிண்டிக் கிண்டிக் கேட்டதில், ஓரிடத்தில் வாட்ச்மேனும் இரவு அட்டெண்டரும் ஒரே ஆள் என்பது வெளிவந்தது. பேச்சு போன ஒரு பெண்மணியை அங்கே எந்த நம்பிக்கையில் விடுவது?

பேச்சு என்றதும் இன்னொன்று. பல இல்லங்களில் வெளிமாநிலத்துப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். நல்ல பிள்ளைகள், சொந்த ஊரை விட்டு வந்து குறைந்த சம்பளத்தில் மாடாய் உழைக்கிறார்கள். ஆனால் வாய் குழறும் அத்தை, பாதிச் சொல்லில் ‘தண்...’ என்றால், தமிழே தெரியாத ஒருவருக்கு அது தண்ணீர் என்று எப்படி விளங்கும்? குறைந்தது ஷிப்டுக்கு ஒருவராவது தமிழ் தெரிந்தவர் வேண்டும். வேலூரில் உருது பேசும் குடும்பங்களும் தெலுங்கு பேசும் குடும்பங்களும் உண்டு, அவர்களுக்கும் இது பொருந்தும்.

நாங்கள் கேட்காமலேயே அவர்கள் பெருமையாகக் காட்டியது சிசிடிவி. “உங்க செல்லுலயே பாக்கலாம்.” பார்த்தேன். பெண்கள் வார்டில் ஒரு பாட்டிக்கு டயப்பர் மாற்றுவது அதில் தெரிந்தது. கட்டிலைச் சுற்றி ஒரு திரை இல்லை. இதுவா பாதுகாப்பு? நடைபாதையில் வையுங்கள், சமையலறையில் வையுங்கள்; கட்டிலுக்கு மேலே வேண்டாம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொல்லும் மாதத் தொகை ஒன்று, பில் வேறு. டயப்பர் தனி, கையுறை தனி, பிசியோ தனி, டியூப் மாற்றினால் தனி. அட்வான்ஸ் திரும்பி வருமா என்பதை எங்கும் எழுதித் தர மாட்டேன் என்கிறார்கள்.

எல்லா இல்லத்தையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஓடு போட்ட பழைய வீட்டில் ஒரு அம்மா நடத்தும் சிறிய இல்லம் ஒன்று. டைல்ஸ் கிடையாது. சமையலறை, கழிப்பறை, நோட்டு எல்லாவற்றையும் நாங்கள் கேட்கும் முன்பே காட்டினார். அத்தைக்கு மூக்கு வழியாக டியூப் வைத்திருப்பதைச் சொன்னதும், “டியூப் பாக்குற நர்ஸ் என்கிட்ட இப்ப இல்லம்மா. எடுத்த பிறகு கூட்டினு வாங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டார். நாங்கள் பார்த்ததில் நம்பிக்கை வந்தது அந்த ஒரு இடத்தில்தான், அங்கே இடம் கிடைக்கவில்லை. அவர் சொன்ன இன்னொன்றையும் இங்கே எழுத வேண்டும்: அட்வான்ஸ் கட்டிவிட்டுப் போகும் பிள்ளைகள் சிலர் போன் நம்பரையே மாற்றிவிடுகிறார்களாம். பெரியவர்களைக் கைவிடுவது 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று மாதம் வரை சிறை உண்டு. இல்லங்களைக் கேள்வி கேட்கும் நாம் இதையும் மறைக்கக் கூடாது.

இப்போது உங்கள் நால்வரின் கதவுக்கு வருகிறேன். நர்ஸ் வைத்து மருந்து கொடுத்தால் அது மருத்துவ நிறுவனம். 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தனியார் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் 2018இல் வந்த விதிகளும் இணை இயக்குநரிடம் பதியச் சொல்கின்றன. முதியவர்களைத் தங்கவைத்தால் அது முதியோர் இல்லம், சமூக நலத்துறை. கை கால் செயலிழந்தவர்களுக்கான நிறுவனம் என்றால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதற்குத் தனிப் பதிவு. அத்தையைப் போன்ற ஒருவரை வைத்திருக்கும் இல்லம் இந்த மூன்றுமேதான். ஆனால் நடைமுறையில், “நாங்க ஆஸ்பத்திரி இல்ல” என்று ஒரு அலுவலகத்திலும், “நாங்க முதியோர் இல்லம் இல்ல, சென்டர்” என்று இன்னொன்றிலும் சொல்லித் தப்பிக்க இடம் இருக்கிறது. ஓர் அலுவலகத்தில் விசாரித்தபோது அடுத்த அலுவலகத்தைக் கை காட்டினார்கள். போதாததற்கு 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததில், மேல்விஷாரம் போனாலே ஆட்சியர் வேறு. மூத்த குடிமக்கள் சட்டத்தின் 22ஆம் பிரிவு, அதைச் செயல்படுத்தும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியருக்கு அரசு வழங்கலாம் என்கிறது. ஆகவே மூன்று துறைகளையும் ஒரே மேசையில் உட்காரவைக்க உங்களால்தான் முடியும்.

நான் கேட்பது ஒரு பலகை. ஒவ்வொரு இல்லத்தின் வாசலிலும், தமிழில், பெரிய எழுத்தில். எந்தச் சட்டத்தில் பதிவு, அது எந்தத் தேதி வரை செல்லும். கட்டில் எத்தனை, இன்று இருப்பவர்கள் எத்தனை பேர். பகலில் எத்தனை நர்ஸ், எத்தனை ஆயா, இரவில் எத்தனை. பிசியோ வரும் நாளும் நேரமும். அவசரத்துக்கு எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி. மாதக் கட்டணத்தில் எது அடங்கும், எது அடங்காது. புகாருக்கு உங்கள் அலுவலக எண்ணும், மூத்த குடிமக்கள் உதவி எண் 14567ம். ரேஷன் கடையில் இருப்பு எவ்வளவு என்று பலகையில் எழுதவைக்க முடிகிற அரசுக்கு இது பெரிய காரியமில்லை.

பலகையில் எழுதியது உண்மைதானா என்று பார்க்க மூன்று துறையும் சேர்ந்து சொல்லாமல் போக வேண்டும், அதுவும் இரவில். பார்த்ததை மாவட்ட இணையதளத்தில் போட வேண்டும். ‘கெடுபிடி செய்தால் சிறு இல்லங்கள் மூடிவிடும், அப்புறம் அத்தனை பேரும் எங்கே போவார்கள்?’ என்று உங்களிடம் வந்து சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் நான் லிஃப்டையும் ஏசியையும் முதலில் கேட்கவில்லை. ஓட்டு வீட்டில் நடத்தும் அந்த அம்மாவுக்கு இந்தப் பலகையால் எந்தச் சிரமமும் வராது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவதற்கும், ஆயாக்களுக்குத் தூக்கும் முறை சொல்லித் தருவதற்கும் பெரிய முதலீடு தேவையில்லை. இந்தப் பயிற்சியை அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே நடத்தலாம். மாதம் ஒரு நாள், இல்லத்துக்கு இருவர் என்று அனுப்பச் சொன்னால் போதும்.

அங்கேயே இன்னொன்றுக்கும் இடம் பாருங்கள். பக்கவாத நோயாளிகள் டிஸ்சார்ஜுக்குப் பிறகு சில வாரங்கள் தங்கிப் பயிற்சி எடுக்கவும், வீட்டார் கூட இருந்து கற்றுக்கொள்ளவும் ஒரு வார்டு. இப்போது அத்தை குடியாத்தத்து வீட்டில்தான் இருக்கிறார். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோ வீட்டுக்கு வந்து பார்க்கிறார், பொறுமையான பெண். ஆனால் அவருக்கு எங்கள் தெரு மட்டுமா? சுற்று வட்டாரமே அவர் தலையில். அவர் வராத நாள்களில், அவர் காட்டிக் கொடுத்ததை அண்ணி செய்கிறார், குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு. இது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று எங்களுக்கே தெரியும், அதனால் இல்லத் தேடலும் நிற்கவில்லை.

திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் இதையே மனுவாகவும் சத்துவாச்சாரி அலுவலகத்தில் கொடுக்கிறேன். பதிலில் ‘சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது’ என்று வந்தால், எந்தத் துறை என்பதையும், எந்தத் தேதிக்குள் பலகை வரும் என்பதையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குடியாத்தத்துப் பீடித் தொழிலாளி ஒருவரின் தம்பி மகள்