பட்டியலில் மட்டும் மிஞ்சியிருக்கும் மென்பொருள்கள்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. முதுகுவலி தணிந்து மறுபடியும் எழுத்து வேலையில் அமர்ந்துவிட்டீர்கள் என்பதை அறிந்து மனம் நிறைந்தது. இங்கே நாங்கள் அனைவரும் நலம். நெடுநாளாகத் தள்ளிப்போட்டிருந்த மெய்ப்புத் திருத்தும் வேலையை ஒருவழியாக முடித்துக் கொடுத்துவிட்டேன் என்பதைத் தவிர என் பக்கம் பெரிய செய்தி இல்லை. எனவே தாங்கள் கேட்டதற்கே நேராக வந்துவிடுகிறேன்.

தங்கள் கணினியின் மென்பொருள் பட்டியலில், எப்போதோ அழிந்துபோன ஸ்கேனர் மென்பொருளும், காலாவதியான வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒன்றும், 'விஷுவல் சி பிளஸ் பிளஸ்' (மற்ற மென்பொருள்கள் இயங்கச் சார்ந்திருக்கும் துணைக்கூறுகள்) என்று தொடங்கும் பல வரிகளும் இருப்பதாகவும், அத்தனையையும் ஒரே மூச்சில் துடைத்துவிட ரெஜிஸ்ட்ரியை, அதாவது விண்டோஸ் தன் அமைப்புக் குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் கிடங்கைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்' ஒன்றைத் தரவிறக்கி வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை இயக்கிவிடாதீர்கள். இவ்வகைத் துப்புரவுக் கருவிகளைப் பயன்படுத்துவதைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. அந்தக் கருவிகள் பட்டியலில் மிஞ்சிய வரியோடு நிற்பதில்லை. எந்தக் குறிப்பு வேண்டாதது என்று தாமே ஊகித்து, தொடர்பில்லாத நூற்றுக்கணக்கான குறிப்புகளையும் சேர்த்து அழிக்க முனைகின்றன.

முதலில் அந்தப் பட்டியல் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மென்பொருளை நிறுவும்போது, நிறுவும் நிரல் விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் தன் பெயரில் ஒரு குறிப்பை எழுதி வைக்கிறது. மென்பொருளின் பெயர், பதிப்பு எண், அது இருக்கும் கோப்புறை, அதை நீக்க வேண்டுமானால் எந்த நிரலை எந்தக் கட்டளையோடு அழைக்க வேண்டும் ஆகியவை அதில் இருக்கும். விண்டோஸ் அந்தக் குறிப்புகளைப் படித்துத்தான் பட்டியலைக் காட்டுகிறதே தவிர, மென்பொருள் உண்மையில் வட்டில் இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பதில்லை. யாராவது கோப்புறையை நேரடியாக அழித்துவிட்டால் குறிப்பு மட்டும் தங்கிவிடும். குடியிருந்தவர் காலி செய்துகொண்டு போன பிறகும் வாசலில் அவர் பெயர்ப்பலகை தொங்குவதைப் போன்றதுதான் இது. அந்த வரியை நீக்குவதால் கணினியின் வேகம் சிறிதும் கூடாது, இடமும் மிச்சமாகாது. கண்ணுக்கு உறுத்துகிறது என்பதைத் தவிர அதை நீக்க வேறு காரணம் பெரும்பாலும் இல்லை. அதனால்தான் இந்த வேலையில் அவசரமே கூடாது என்கிறேன்.

நீக்கும் முன் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: மென்பொருள் உண்மையிலேயே போய்விட்டதா, அல்லது அதன் நீக்கும் நிரல் மட்டும் பழுதாகியிருக்கிறதா? இரண்டாவது வகையாக இருந்தால், வரியை அழிப்பது நிலைமையை மோசமாக்கும். மென்பொருளும் அதன் பின்னணிச் சேவைகளும் இயங்கிக்கொண்டே இருக்கும், முறையாக நீக்குவதற்கான வழி மட்டும் மறைந்துவிடும். அப்படிப்பட்ட நிலையில் அதே மென்பொருளை, இயன்றவரை அதே பதிப்பை, மறுபடியும் அதே இடத்தில் நிறுவிவிட்டு உடனே முறைப்படி நீக்குவதே நல்ல வழி. புதிதாக நிறுவும்போது தொலைந்த நீக்கும் நிரலும் திரும்ப வந்துவிடுகிறது. நீக்கும்போது வரியும் தானே மறைகிறது. சுற்றிவளைத்த வழியாகத் தோன்றினாலும், நான் முதலில் கைக்கொள்வது இதைத்தான்.

ஸ்கேனர் மென்பொருளை மறுபடி நிறுவ அதன் குறுவட்டு தங்களிடம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் புதிய செட்டிங்ஸ் பக்கத்தை விட்டுவிட்டு, பழைய கன்ட்ரோல் பேனலில் உள்ள 'புரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்' பகுதியைத் திறந்து, அங்கே அந்த வரியைத் தேர்ந்து நீக்கச் சொல்லுங்கள். நீக்கும் நிரல் இல்லையென்று கண்டால், 'இது ஏற்கெனவே நீக்கப்பட்டிருக்கலாம், பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா' என்ற பொருளில் விண்டோஸே கேட்பது வழக்கம். ஆம் என்றால் வரி போய்விடும். ரெஜிஸ்ட்ரியைத் தொடாமலே பாதிப் பேருடைய தொல்லை இங்கே தீர்ந்துவிடுகிறது.

அதுவும் கைகொடுக்காவிட்டால்தான், ரெஜிஸ்ட்ரி குறிப்புகளை நேரடியாகத் திருத்த விண்டோஸிலேயே உள்ள ரெஜிஸ்ட்ரி எடிட்டர். அதைத் திறக்கும் முன்பே ஒரு ரீஸ்டோர் பாயின்ட் (பிசகினால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் மீட்புப் புள்ளி) உருவாக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸ் தானே ரெஜிஸ்ட்ரிக்கு நகல் எடுத்து வைத்திருக்கும் என்று பலரும் இன்னமும் நம்புகிறார்கள். விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து அந்தத் தானியங்கி நகலெடுப்பு நிறுத்தப்பட்டுவிட்டது. பிறகு எடிட்டரில், லோக்கல் மெஷின் என்ற பெருங்கிளையின் கீழ் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட் வெர்ஷன், அன்இன்ஸ்டால் என்று வரிசையாக இறங்குங்கள். 64 பிட் விண்டோஸில், பழைய வகையான 32 பிட் மென்பொருள்களுக்கான குறிப்புகள் இங்கே இருப்பதில்லை; சாஃப்ட்வேருக்கு அடுத்து 'வாவ்6432நோட்' என்ற தனிக்கிளை வழியாக அதேபோல் இறங்கினால் கிடைக்கும். தங்கள் பழைய ஸ்கேனர் மென்பொருள் அங்கே இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு பயனருக்கு மட்டும் நிறுவப்பட்டவை கரன்ட் யூசர் என்ற கிளையின் கீழ் இருக்கும். அவற்றை அந்தப் பயனராக உள்நுழைந்துதான் பார்க்க வேண்டும்.

அன்இன்ஸ்டால் கிளையின் மேல் வலது சொடுக்கி, எக்ஸ்போர்ட் என்பதைத் தேர்ந்து, கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். அந்தக் கிளைக்கு மட்டும் அதுவே நகல். பின்னர் ஏதேனும் பிசகினால் அந்தக் கோப்பை இருமுறை சொடுக்கினால் குறிப்புகள் திரும்ப வந்துவிடும். அதன் பிறகே உட்கிளைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சிலவற்றின் பெயர் நேரடியாக இருக்கும். சில, நெளிவடைப்புக்குள் நீளமான எண்ணெழுத்துக் கோவையாக இருக்கும். பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொன்றையும் சொடுக்கி, வலப்புறத்தில் டிஸ்பிளே நேம், அன்இன்ஸ்டால் ஸ்ட்ரிங் என்ற இரண்டு மதிப்புகளையும் படியுங்கள். முதலாவது பட்டியலில் தாங்கள் காணும் பெயர். இரண்டாவது நீக்கும் நிரலின் முழு முகவரி. அந்த முகவரி சி டிரைவின் புரோகிராம் ஃபைல்ஸில் ஏதோ ஒரு கோப்புறையைச் சுட்டி, இறுதியில் 'அனின்ஸ்000' என்ற நிரலின் பெயரோடு முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு மேலாளரில் அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். கோப்புறையே இல்லையென்றால், அந்த உட்கிளையை மட்டும் அழிக்கலாம். கோப்புறை இருந்து, நீக்கும் நிரலும் இருந்தால், அதையே இருமுறை சொடுக்கி இயக்கிப் பாருங்கள். பல நேரங்களில் அது ஒழுங்காகவே வேலை செய்யும். அழிக்கும்போது தேர்ந்திருப்பது அந்த ஓர் உட்கிளைதானா, அன்இன்ஸ்டால் என்ற தாய்க்கிளையா என்று இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். எடிட்டரில் செய்ததைத் திரும்பப் பெறும் வசதி கிடையாது.

அழிக்கவே மனம் வரவில்லையென்றால் மறைத்தும் வைக்கலாம். அந்த உட்கிளையில் 'சிஸ்டம்காம்போனென்ட்' (SystemComponent) என்ற பெயரில் ஒரு டிவேர்ட் (DWORD, எண் வகை) மதிப்பை உருவாக்கி அதற்கு 1 என்று கொடுத்தால் வரி பட்டியலில் தெரியாது; வேண்டும்போது அந்த மதிப்பை நீக்கிவிட்டால் திரும்பத் தெரியும். என் கருத்தில் ஐயத்துக்குரிய வரிகளுக்கு இதுவே போதும்.

அன்இன்ஸ்டால் ஸ்ட்ரிங்கில் 'எம்எஸ்ஐஎக்ஸெக்' என்ற சொல் காணப்பட்டால் அங்கேயே கையை எடுத்துவிடுங்கள். அது விண்டோஸின் சொந்த நிறுவல் அமைப்பான விண்டோஸ் இன்ஸ்டாலர் வழியாக நிறுவப்பட்டது. அதன் குறிப்புகள் ரெஜிஸ்ட்ரியின் வேறு பல இடங்களிலும் பரவியிருக்கும், ஒன்றை மட்டும் அழித்தால் பின்னர் அதே மென்பொருளை நிறுவவும் முடியாமல், நீக்கவும் முடியாமல் தவிக்க நேரலாம். இதற்காக மைக்ரோசாஃப்ட் ஒரு காலத்தில் வழங்கிய துப்புரவுக் கருவி, மற்ற மென்பொருள்களின் கூறுகளையும் சிதைத்ததால் 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. அதன்பின் அவர்களே வெளியிட்ட 'புரோகிராம் இன்ஸ்டால் அண்ட் அன்இன்ஸ்டால் டிரபிள்ஷூட்டர்' என்ற கருவியே இவ்வகைக்கு ஏற்றது. விண்டோஸ் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் இன்ஸ்டாலர் கோப்புறை பெருத்திருக்கிறதே என்று அதிலுள்ள கோப்புகளை அழிக்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள். நீக்கவும் பழுதுபார்க்கவும் அந்தக் கோப்புகள்தாம் தேவைப்படும்.

'விஷுவல் சி பிளஸ் பிளஸ்' வரிகள் குப்பையே அல்ல. 2005, 2008, 2010 என்று ஆண்டு வாரியாகப் பல இருப்பது இயல்பு. வெவ்வேறு மென்பொருள்கள் வெவ்வேறு ஆண்டின் பதிப்பைச் சார்ந்திருக்கின்றன. அவை கிடக்கட்டும்.

வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். அது இயங்குதளத்தின் ஆழத்தில் டிரைவர்களை (இயங்குதளத்தோடு ஒட்டி இயங்கும் அடிமட்ட நிரல்களை) நிறுவியிருக்கும். வரி போனாலும் அவை போகா. அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அதற்கென்றே நீக்கும் கருவி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதை மட்டுமே பயன்படுத்துங்கள். அந்த வரியின் பெயரையும் பதிப்பு எண்ணையும் எழுதி அனுப்பினால், சரியான கருவி எது என்று நானும் தேடிப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அந்த ஒரு வரியைத் தொடாதிருங்கள்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைத் தெரிவியுங்கள்.

என்றும் அன்புடன்,
தங்கள் நண்பன்