திருவிழாவில் பொம்மைக் கடை போடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கடைக்காரர்களுக்கு,

வணக்கம். "ஒரு வயசுப் பிள்ளைக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்பவர்களுக்கு நீங்கள் எடுத்து நீட்டுவதுதான் பொம்மை. தேர்க்கூட்டத்தில் அட்டையைத் திருப்பிப் படித்துக்கொண்டு நிற்க யாருக்கும் நேரமில்லை. அதனால்தான் பெற்றோருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறோம்.

முதலில் அட்டையில் இருக்கும் அந்த வட்டக் குறி. உள்ளே 0-3 என்று எழுதி, குழந்தை முகம் வரைந்து, குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருக்கும். "எங்க பிள்ளை சூட்டிகை, இப்பவே ஆடுவான்" என்பார் வாங்குபவர். நீங்களும் தலையாட்டிவிடுவீர்கள். அந்தக் குறி அறிவைப் பற்றியதல்ல, தொண்டையைப் பற்றியது. மூன்று வயது வரை எதையும் வாயில் வைத்துத்தான் பார்ப்பார்கள். மூச்சுக்குழலும் குறுகல், இருமித் தள்ளும் வலுவும் குறைவு. சூட்டிகையான பிள்ளைக்கும் தொண்டை அதே அளவுதான். இதை ஒரே வரியில் வாங்குபவரிடம் சொல்லிவிட்டால் பெரும்பாலோர் பொம்மையை மாற்றிக் கேட்பார்கள்; உங்கள் வியாபாரம் போகாது.

எது தொண்டைக்குள் போகும் என்று கண்ணளவில் சொல்ல முடியாது. சோதனைக் கூடத்தில் 31.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளையில் போட்டுப் பார்ப்பார்கள். அதற்கு ஈடாகக் கல்லாவுக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒன்றை நீங்களே செய்யலாம். பிளம்பிங் கடையில் உள்விட்டம் 32 முதல் 35 மி.மீ. வரை வரும் பிவிசி குழாய் கேளுங்கள். வெளிவிட்டத்தைப் பார்த்து ஏமாறாமல் ஸ்கேலை உள்ளே வைத்து அளக்க வேண்டும். 57 மி.மீ. நீளத்துக்கு வெட்டி, ஒரு பக்கத்தை அடைத்துவிடுங்கள். பொம்மையோ, அதிலிருந்து கழன்று வரும் துண்டோ, அமுக்காமல் எப்படித் திருப்பிப் போட்டாலும் முழுதாக உள்ளே அடங்கிவிட்டால், அது மூன்று வயதுக்குக் கீழ் ஆகாது. உண்மையான அளவைவிட இது சற்றுக் கறாரானது, அதில் நட்டமில்லை.

பந்துக்கு இந்தக் குழாய் போதாது. உருண்டையான பொருள் தொண்டையில் இடைவெளியே இல்லாமல் அடைக்கும்; எடுக்க விரலை விட்டால் இன்னும் கீழே போகும். அதனால் பந்துக்கு அளவு 44.5 மி.மீ.; அந்த அளவு வளையத்துக்குள் நுழைந்து போகும் பந்து சிறு குழந்தைக்குக் கூடாது. டேபிள் டென்னிஸ் பந்தே 40 மி.மீ.தான். கண்ணாடிக் குடுவையில் போட்டு விற்கும் துள்ளும் ரப்பர் பந்துகள் அதைவிடச் சிறியவை. அந்தக் குடுவை சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டாம்.

முழுதாக இருக்கும்போது பெரிதாகத் தெரியும் பொம்மையும் உடைந்தால் சிறிதாகிவிடும். புது வகை எது வந்தாலும் ஒன்றைப் பலி கொடுங்கள்: மேசை உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் நான்கு முறை போடுங்கள். ஸ்பிரிங் தராசின் கொக்கியைக் கரடியின் கண்ணிலும் காரின் சக்கரத்திலும் மாட்டி, ஏழு கிலோ காட்டும் வரை இழுத்து, பத்து எண்ணுங்கள். ரப்பர் வாத்தின் அடியில் செருகியிருக்கும் பீப்பீதான் பல நேரம் முதலில் பிடுங்கிக்கொண்டு வரும். வந்ததைக் குழாயில் போட்டுப் பாருங்கள்.

எங்களை அதிகம் பயமுறுத்துவது லைட் எரியும் வாட்ச், மோதிரம், பம்பரம். இவற்றில் இருப்பது பொத்தான் பேட்டரி. உணவுக்குழாயில் சிக்கியதும் அங்குள்ள ஈரத்தில் மின்சாரம் ஓடி, பேட்டரியின் எதிர்முனைப் (மைனஸ்) பக்கம் காரம் உண்டாகிச் சதையை அரிக்கும். இரண்டு மணி நேரம் போதும். லைட் எரியாத பழைய பேட்டரியும் இதைச் செய்யும். 20 மி.மீ. அகலமுள்ள லித்தியம் வில்லைதான் மிக மோசம், சரியாகச் சிக்கிக்கொள்ளும் அளவு அது. பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தால் மட்டும் வாங்கி வையுங்கள். நகத்தால் நெம்பித் திறக்க முடிந்தால் மொத்தக் கடைக்கே திருப்பிவிடுங்கள். யாராவது "முழுங்கிட்டான்" என்று ஓடிவந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாழைப்பழம் ஊட்டாதீர்கள். 108க்கு அடித்து, எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே அனுப்புங்கள். அதே மாதிரிப் பொம்மை ஒன்றையும் கையோடு கொடுத்து அனுப்பினால் எந்தப் பேட்டரி என்று மருத்துவருக்குத் தெரியும்.

சில சரக்குகளை விற்கவே வேண்டாம் என்போம். காந்தக் குண்டுகள்: இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளில் நின்று ஒன்றையொன்று இழுத்து நடுவிலுள்ள சதையை ஓட்டை போடும். தண்ணீரில் ஊறும் ஜெல்லிக் குண்டுகள்: கடுகைவிடச் சற்றுப் பெரிதாக உள்ளே போய், குடலில் ஊறிப் பருத்து அடைக்கும்; சாதாரண எக்ஸ்ரேயிலும் தெரியாது. லேசர் லைட் கண்ணின் விழித்திரையைச் சுடும்.

பலூனை விடச் சொன்னால் எங்களைத் துரத்துவீர்கள். ஊதிக் கட்டியே கொடுங்கள். எட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையிடம் ஊதாத பலூனைக் கொடுக்காதீர்கள். ஊதும்போது மூச்சை உள்ளே இழுத்தால் ரப்பரும் கூடவே போகும். வெடித்த துண்டுகளை உடனே பொறுக்கிவிட வேண்டும். காஸ்டிக் சோடாவும் அலுமினியமும் போட்டு நிரப்பும் ஹைட்ரஜன் சிலிண்டர் வெடிக்கக்கூடியது; பக்கத்துக் கடையில் அது இருந்தால் உங்கள் கடையைத் தூரமான இடத்தில் போடுங்கள்.

இனி முத்திரை. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். சாதாரணப் பொம்மைக்கு ஐஎஸ் 9873, மின்சாரத்தில் ஓடுவதற்கு ஐஎஸ் 15644. முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் யார் தயாரித்தது, உரிமம் நடப்பில் உள்ளதா என்று காட்டும். கொள்முதல் செய்யும்போது மொத்தக் கடையில் நின்றபடியே பாருங்கள், பில்லும் வாங்குங்கள். பெயிண்டில் உள்ள ஈயத்தைப் பார்த்தோ முகர்ந்தோ, ஈரத்துணியால் துடைத்தோ கண்டுபிடிக்க முடியாது. கரைந்து வரும் ஈயம் கிலோவுக்கு 90 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பதை ஆய்வகம்தான் அளக்கும். அந்த ஒரு காரணத்துக்கே முத்திரை வேண்டும்.

பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. விலக்கு இருப்பதால் தொண்டையில் அடைக்காது என்று ஆகிவிடாது. அம்பாசமுத்திரம் மரச்சொப்புகள் அருமையானவை. ஆனால் அந்தக் குட்டி மூடிகளைக் குழாயில் போட்டுப் பாருங்கள், பல அடங்கிவிடும். மூன்று வயதுக்கு மேல் கொடுங்கள். ஓலைக் கிலுகிலுப்பையில் பின்னல் தளர்ந்து உள்ளே இருக்கும் கல் தெரிகிறதா என்று ஒவ்வொன்றையும் பாருங்கள். நடைவண்டியை மனதார விற்கலாம், பிள்ளை தன் காலில் நின்று தள்ளுவது அது. உட்கார வைத்து உருளும் வாக்கர் வேறு சாதி: படியில் உருண்டு விழும், நடை பழகவும் உதவாது. கனடா 2004இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

மூன்று வயதுக்குக் கீழ் கொடுக்கக்கூடியதை மட்டும் ஒரு தனித் தட்டில் போட்டு வையுங்கள். துணிப் பந்து, பெரிய அடுக்கு வளையங்கள், ஒரே கட்டையாகச் செய்த மர வண்டி போதும். வண்டியின் கயிறு 22 செ.மீ.க்கு மேல் இருந்தால் கழுத்தில் சுற்றாதபடி வெட்டிவிட்டுக் கொடுங்கள்.

கையிருப்பில் ஜெல்லிக் குண்டு இருந்தால் சாக்கடையில் கொட்டாதீர்கள். ஊறிக் குழாயை அடைக்கும். பொட்டலத்தைப் பிரிக்காமல் டேப் ஒட்டிக் குப்பை வண்டியில் போடுங்கள். கழற்றிய பொத்தான் பேட்டரிகளின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, பழைய பேட்டரி வாங்கும் மின்கழிவு இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
குழந்தை மருத்துவத்திலும் பொம்மைச் சோதனையிலும் வேலை செய்யும் சிலர்