ரயில் அட்டவணைக்கு ஜன்னல் கம்பி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆய்வு மாணவர்களுக்காக ஞாயிறு இணைப்பில் வந்த லேடெக் (கட்டளைகள் எழுதி ஆவணங்களை அச்சுக்கு வடிவமைக்கும் மென்பொருள்) அறிமுகக் கட்டுரை நன்று. ஆனால் மாதிரிக்குப் போட்டிருந்த சென்னை–பெங்களூரு ரயில் அட்டவணையை யாரும் பின்பற்ற வேண்டாம். வரிசைக்கு வரிசை எச்லைன் (கிடைக்கோடு இழுக்கும் கட்டளை), இடையிடையே செங்குத்துக் கோடு. ஜன்னல் கம்பிக்குள் ஊர்ப்பெயர்கள். 'கிருஷ்ணராஜபுரம்' என்பதில் கி-யின் கொக்கி மேல்கோட்டை முட்டுகிறது, ரு-வின் வால் கீழ்கோட்டை இடிக்கிறது.

எச்லைன் 0.4 பாயிண்ட் (பாயிண்ட் என்பது அச்சு அளவு அலகு) கோட்டை மட்டும் இழுக்கும். இடைவெளி எதுவும் விடாது. 10 பாயிண்ட் எழுத்தில் வரிசை உயரம் 12 பாயிண்ட்: எழுத்துகள் நிற்கும் அடிக்கோட்டுக்கு மேல் 8.4, கீழே 3.6. ஆங்கிலத்துக்கு அது ஒருமாதிரி போதும். மேலே கொக்கியும் புள்ளியும், கீழே வாலும் உள்ள தமிழுக்குப் போதாது. வரிசை உயரத்தைப் பெருக்கும் அரேஸ்ட்ரெச் மதிப்பை 1.3 ஆக்கினால் வரிசை 15.6 பாயிண்டாகும்; இரண்டு பக்கமும் மூச்சுவிட இடம் கிடைக்கும். எக்ஸ்ட்ராரோஹைட் என்ற இன்னொரு அமைப்பு உயரத்தை மேல்பக்கம் மட்டுமே கூட்டும் என்பதால் வால் பிரச்சினை அப்படியே நிற்கும்.

இதைவிட நல்ல வழி புக்டேப்ஸ் என்ற லேடெக் துணைத்தொகுப்பு. தலைப்புக்கு மேல் டாப்ரூல், தலைப்புக்குக் கீழ் மிட்ரூல், கடைசியில் பாட்டம்ரூல். தடிப்பு முதலும் கடைசியும் 0.08 எம் (எழுத்தளவைச் சார்ந்த அலகு), நடுக்கோடு 0.05 எம், கோட்டை ஒட்டிய இடைவெளியும் தானாக வரும். 'வருகை, புறப்பாடு' என்று இரண்டிரண்டு நெடுவரிசைக்கு மேல் ஊர்ப்பெயர் போட்டால், சில நெடுவரிசைகளுக்கு மட்டும் கோடிழுக்கும் சிமிட்ரூல் வேண்டும். அதில் அடைப்புக்குறிக்குள் எல்ஆர் (கோட்டின் இடது, வலது முனைகளைச் சற்றுக் குறைக்கும் குறி) சேர்க்க மறந்தால், பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் ஒட்டி ஒரே கோடாகிவிடும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: புக்டேப்ஸைப் போட்டுவிட்டுப் பழைய செங்குத்துக் கோடுகளை எடுக்காமல் விடுவது. அக்கோடுகள் வரிசைக்குள் மட்டும்தான் வரையப்படும். புக்டேப்ஸ் விடும் இடைவெளியோ வரிசைக்கு வெளியே. எனவே ஒவ்வொரு ரூலிலும் கோடு துண்டுபடும். வரிசைக்கு நிறம் கொடுத்தாலும் அதே இடத்தில் வெள்ளைக் கீற்று தெரியும். கட்டம் கட்டியே தீர வேண்டுமென்றால் எச்லைனும் அரேஸ்ட்ரெச் 1.3-உம் போதும், புக்டேப்ஸையும் செங்குத்துக் கோடுகளையும் கலக்காதீர்கள்.

பிடிஎஃப்பில் சில கோடுகள் காணவில்லை என்று பதறுபவர்களும் உண்டு. 0.4 பாயிண்ட் என்பது சாதாரணத் திரையில் அரை பிக்சல் அளவுதான். கோட்டைத் தடிப்பாக்கும் முன் ஒரு பக்கம் அச்செடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு