போட்டோவில் தெரிந்த சிவப்பு

அன்புள்ள ராகவா,

தீபாவளிக்கு எழுதியதுதான் கடைசி. ஆறு மாதம் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. கோவிலுக்குத் தானே நடந்து போகிறாள். சின்னவன் ப்ளஸ் டூ எழுதி முடித்துவிட்டான்.

இப்போது எழுதக் காரணம் நீ அனுப்பிய போட்டோ. பேத்தி உன் மடியில் உட்கார்ந்து லட்டைப் பிய்க்கிறாள்; அச்சு அசலாக உன் அம்மாவின் மூக்கு! முகத்தைச் சரியாகப் பார்க்கலாம் என்று படத்தைப் பெரிதாக்கினேன். பின்னால் உன் லேப்டாப். குரோமின் வலது மூலையில் சிவப்புக் குறி. அப்டேட் வந்தால் அது முதலில் பச்சையாக இருக்கும், நாலு நாளில் ஆரஞ்சாகும், ஒரு வாரம் ஆனால்தான் சிவப்பு. மேலே எறும்பு வரிசையாக டேப்கள். அவற்றை மூட மனம் வரவில்லை, அதுதானே? ஹாஸ்டல் அறையில் பழைய பேப்பரைப் போட விடாத அதே ஆள்!

"தெரியாத லிங்க் எதையும் நான் தொடுவதே இல்லையே" என்பாய். அது மட்டும் போதாது, ராகவா.

2023 செப்டம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். வெப்பி என்று ஒரு பட வகை உண்டு. அதை விரித்துக் காட்டும் லிப்வெப்பி என்ற நிரல்தான் குரோம், ஃபயர்பாக்ஸ், நீ மெயில் பார்க்கும் தண்டர்பேர்டு எல்லாவற்றுக்குள்ளும் இருக்கிறது. அதில் ஓர் ஓட்டை. ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டியும் எழுதிவிடும். ஒரு படி கொள்ளும் டப்பாவில் ஒன்றரைப் படி அரிசியைக் கொட்டினால் பக்கத்து டப்பாவில் போய் விழாதா, அப்படி. எங்கே விழவேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொட்டத் தெரிந்தவன், உன் கணினியில் தன் நிரலையே ஓடவிடலாம். அந்தப் படம் உள்ள பக்கம் திறந்தாலே போதும். ஆப்பிளின் பாதுகாப்புக் குழுவும் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேபும் 6-ம் தேதி கூகுளிடம் சொன்னார்கள். 11-ம் தேதி திருத்தம் வந்துவிட்டது. இந்த ஓட்டைக்கான தாக்குதல் ஏற்கெனவே வெளியில் நடமாடுகிறது என்று கூகுளே எழுதியது.

அன்று இரவு அலுவலகத்தில் 38 கணினிகளிலும் குரோமைப் புதுப்பித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் தண்டர்பேர்டுக்கும் அதைச் செய்யும் மோசில்லா திருத்தம் விட்டது. மெயில் பக்கம் என் புத்தி போகவே இல்லை. அடிவயிறு கலங்கிவிட்டது.

அதே வருடம் மார்ச்சில் மைக்ரோசாஃப்ட்டின் மெயில் நிரலான அவுட்லுக்கில் வந்தது அதைவிட மோசம். மீட்டிங் நினைவூட்டலுக்கு மணி அடிக்கும் இல்லையா, அந்த ஒலி எங்கே இருக்கிறது என்ற முகவரியில் திருடன் தன் சர்வரைப் போட்டு அனுப்புவான். அவுட்லுக் மணி அடிக்க அங்கே போய்க் கதவைத் தட்டும். தட்டும்போதே விண்டோஸ் கடவுச்சொல்லின் ஹேஷை, அதாவது கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்டு எடுத்த குறியீட்டைக் கொடுத்துவிடும். மெயிலை நீ திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டாய். உக்ரைனின் கணினி அவசரக் குழுதான் இதை மைக்ரோசாஃப்ட்டுக்குத் தெரிவித்தது.

உன் லேப்டாப்பில் உன்னுடையது மட்டுமா இருக்கிறது? தெருவில் பாதிப் பேர் பான் கார்டையும் வருமான வரிக் கணக்கையும் உன்னை நம்பித்தானே கொடுத்திருக்கிறார்கள்? டீச்சரம்மா பென்ஷன் பேப்பரைக்கூட உன்னிடம்தான் வைத்திருக்கிறார். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்றைக்கே குரோமை ரீஸ்டார்ட் செய். மூடிய டேப்களை ஹிஸ்டரியிலிருந்து மறுபடி திறந்துகொள்ளலாம், பயப்படாதே. அப்புறம் தண்டர்பேர்டில் உதவி மெனுவில் 'பற்றி' என்பதைத் திற. புதியது இருந்தால் அதுவே தேடி எடுத்துக்கொள்ளும்.

ஞாயிறு சாயங்காலம் கூப்பிடுகிறேன். அதற்குள் பேத்தி போட்டோ இன்னொன்று அனுப்பு, லேப்டாப்பும் தெரிகிற மாதிரி.

அன்புடன்,
சீனு